கேம்பர் படுக்கை: மெத்தையை மாற்றுமுன் அடியைத் தொட்டுப் பாருங்கள்

குளிரான ஓர் இரவு கழிந்த காலையில், உங்கள் கேம்பரில், அதாவது உள்ளேயே தங்கித் தூங்கும் வசதியுள்ள பயண வேனில் அல்லது டிரெய்லரில், படுக்கையின் தலைமாட்டில் மெத்தையைத் தூக்கி, அடியில் இருக்கும் பிளைவுட் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் பலகை சில்லென்று இருக்கும், கையில் ஈரம் ஒட்டும். மெத்தையின் அடித்துணியில் மிளகு தூவினாற்போல் கரும்புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை ஏற்கெனவே குடியேறிவிட்டது என்று பொருள். கேம்பரில் தூக்கம் சரியில்லை என்றதும் முதலில் மனம் போவது தடிமனான புது மெத்தை பக்கம்தான். அந்தப் புது மெத்தையும் இதே ஈரப் பலகையில் கிடந்தால் அதற்கும் இதே கதிதான். ஆகவே இந்த மதிப்பீடு அடியிலிருந்து மேலே போகிறது. சந்தையில் கிடைக்கும் பலகை, வலைப்பாய், மெத்தை, மேல்மெத்தை, விரிப்பு என்று ஒவ்வொன்றிலும் எது பணத்துக்குத் தகும், எதை வாங்கக் கூடாது என்பதைக் காரணத்தோடு சொல்லிவிடுகிறோம்.

ஈரம் வரும் வழி

தூங்கும் ஒருவரின் மூச்சிலும் தோலிலும் இருந்து ஓர் இரவில் 200 மில்லிக்குக் குறையாமல் நீர் ஆவியாக வெளியேறுகிறது. இருவர் படுத்தால் கிட்டத்தட்ட அரை லிட்டர். வீட்டு அறையில் அது காற்றோடு கலந்து போய்விடும். டிரெய்லரின் சின்ன அறையில் அதற்குப் போக்கிடம் இல்லை. அறைக்காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 12 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்த ஆவி நீராகப் படியும். கட்டிலுக்கு அடியில் வெளியிலிருந்து திறக்கும் சாமான் பெட்டி இருக்கும் வண்டிகளில், பலகைக்குக் கீழே இருப்பது ஏறக்குறைய வெளிக்காற்றுதான். மேலே உடல் சூட்டோடு இறங்கும் ஆவி, கீழே குளிர்ந்த பலகை, இரண்டுக்கும் நடுவே நகரவே முடியாத காற்று. பூஞ்சை வளர இதைவிட வசதியான இடம் கிடையாது.

பிளாஸ்டிக் தாள் விரித்தால் ஈரம் ஏறாது என்று சிலர் செய்வதுண்டு. ஈரம் பலகையிலிருந்து மேலே ஏறுவதில்லை, நம் உடலிலிருந்து கீழே இறங்குகிறது. தாள் அதை மெத்தைக்குள்ளேயே பிடித்து வைத்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அடிப்பலகை: துளை, ரீப்பர், பிளாஸ்டிக் ஸ்பிரிங்

மிக மலிவான தீர்வு, இருக்கும் பிளைவுட்டிலேயே துளை போடுவது. 25 முதல் 38 மி.மீ. விட்டமுள்ள வட்ட ரம்பத்தை டிரில்லில் மாட்டி, 12 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் துளையிடுங்கள். முன்னதாகப் பலகையைத் தூக்கி அடியில் ஒயர், தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துவிடுங்கள். அடியில் நிற்கும் சட்டங்களின் மேல் துளை விழக் கூடாது. அறுத்த விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, பாலியூரித்தேன் வார்னிஷை இரண்டு கை அடியுங்கள். பலகையின் முகத்தைவிட வெட்டிய விளிம்புதான் அதிக ஈரத்தை உறிஞ்சும் என்பதால் விளிம்பை விட்டுவிட்டு முகத்துக்கு மட்டும் அடித்தால் பயன் பாதிதான். 12 மி.மீ. பலகையாக இருந்தால் அடியில் 40 செ.மீ.க்கு ஒரு சட்டமாவது தாங்க வேண்டும். இல்லாவிட்டால் துளையிட்ட பின் இடுப்புப் பகுதியில் பலகை குழியும்.

துளை மட்டும் போதுமா என்றால், போதாது. மெத்தை பலகையோடு ஒட்டிக்கிடக்கும் இடமெல்லாம் துளைக்கு நடுவே ஈரமாகத்தான் இருக்கும். துளையோடு, மெத்தைக்கு அடியில் காற்று ஓட விரிக்கும் ஒரு வலைப்பாயும் சேர்ந்தால்தான் முழுப் பலன்.

ரீப்பர் அடித்த கட்டில் அடுத்த படி. 18 மி.மீ. தடிமன், 6 முதல் 7 செ.மீ. அகலமுள்ள முடிச்சில்லாத மரச்சட்டங்களை வரிசையாகப் பொருத்துவது. இடைவெளிதான் முக்கியம். லேடெக்ஸ் எனப்படும் ரப்பர்பால் ஃபோம் மெத்தை மென்மையானது. இடைவெளி 5 செ.மீ.யைத் தாண்டினால் நாளடைவில் சட்டங்களுக்கு நடுவே பிதுங்கி, அடியில் வரிவரியாகத் தழும்பு விழும். கெட்டியான ஃபோமுக்கு 7 செ.மீ. வரை விடலாம். சட்டத்தின் நீளம் 70 செ.மீ.க்கு மேல் போனால் நடுவில் ஒரு தாங்கு கட்டை வேண்டும். அகலமான கட்டில் என்றால் அந்த நடுக்கட்டையைத் தவிர்க்கவே கூடாது. ரீப்பர்களைத் தனித்தனியாக ஆணி அடிக்காமல், இரண்டு நாடாக்களில் ஸ்டேபிள் செய்து இணைத்தால் சுருட்டி எடுத்துவிடலாம். அடியில் இருக்கும் சாமானை எடுக்க வேண்டிய வண்டிகளில் இது பெரிய வசதி. சிலர் நாடா இல்லாமல் சும்மா அடுக்கிவிடுவார்கள். வண்டி ஓடும் குலுக்கலில் அவை நகர்ந்து ஒரு பக்கமாகக் குவிந்து நிற்கும்.

மூன்றாவது வகை, பிளாஸ்டிக் ஸ்பிரிங் அடுக்கு. இதில் பெயர் பெற்றது ஜெர்மனியின் ஃப்ரோலி. பூ வடிவில் இருக்கும் சிறு துண்டுகளை ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பலகை முழுக்கப் பரப்ப வேண்டும். மூலை வெட்டிய கட்டில், வளைந்த கட்டில் எதற்கும் பொருந்தும். தோள் விழும் இடத்தில் மென்மையாகவும் இடுப்பு விழும் இடத்தில் கெட்டியாகவும் அமைத்துக்கொள்ளலாம். மெல்லிய மெத்தை மட்டுமே போட முடிகிற வண்டிகளுக்கு இதைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். 10 செ.மீ. மெத்தையும் இதன் மேல் போட்டால் பலகையின் முட்டல் தெரியாது, அடியில் காற்றும் ஓடும். குறை என்று சொன்னால், பொருத்தப் பொறுமை வேண்டும். துண்டுகளை எண்ணி, கட்டிலை அளந்து, தரையில் ஒருமுறை அடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கட்டிலில் ஏற்ற வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்து செருப்பு மாட்டுகிறவர்களின் எடை கடைசி வரிசையில் விழும். அங்கே கெட்டியான துண்டுகளையோ, ஒரு மரப்பட்டியையோ வையுங்கள். தடித்த மெத்தை ஏற்கெனவே இருந்தால் இதன் அருமை தெரியாது. அப்போது வலைப்பாயே போதும்.

வலைப்பாய் என்பது படகுக்காரர்களிடமிருந்து வந்த பொருள். பிளாஸ்டிக் இழைகளைச் சிக்குச்சிக்காகப் பின்னி, ஒரு பக்கம் துணி ஒட்டியிருக்கும். ஹைப்பர்வென்ட் என்ற பெயரில் கிடைப்பது ஏறத்தாழ 19 மி.மீ. தடிமன். துணிப்பக்கம் மெத்தையைத் தொட, இழைப்பக்கம் பலகையைத் தொட விரிக்க வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டலாம். வெட்டிய இழைமுனைகள் கூர்மையாக இருக்கும் என்பதால் ஓரத்தைத் துணி நாடாவால் மூடித் தைத்துவிடுங்கள், இல்லையேல் மெத்தை உறையில் சிக்கி இழுக்கும். இதனால் படுக்கை மென்மையாகாது. காற்றுக்கு வழி விடுவது ஒன்றே இதன் வேலை, அதை நன்றாகச் செய்கிறது. பெட்டி போல் நாலு பக்கமும் பலகை அடைத்த கட்டிலில் மெத்தை இறுக்கமாக உட்கார்ந்திருந்தால், பாய்க்குள் போன காற்று வெளியே வர வழி இருக்காது. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் 2 செ.மீ. இடைவெளி விடுங்கள். தேங்காய் நார்ப் பாயும் இதே வேலைக்குப் பயன்படுகிறது. ஆனால் நார் ஒருமுறை நனைந்தால் காய நாளாகும், தூளும் உதிரும். பிளாஸ்டிக் இழைப் பாயைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி உதறிவிடலாம்.

அளவு எடுப்பது

வட அமெரிக்க டிரெய்லர்களில் 'குயின்' என்று எழுதியிருப்பதை நம்பி வீட்டு மெத்தை வாங்கினால் ஏமாற்றம்தான். வீட்டுக் குயின் 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம். டிரெய்லரில் பெரும்பாலும் இருப்பது நீளம் குறைந்த குயின், அதாவது 74 அல்லது 75 அங்குலம். அந்த ஐந்தாறு அங்குலம் கால்மாட்டு நடைபாதையை அடைத்துவிடும், அல்லது ஸ்லைடு எனப்படும், நிறுத்திய இடத்தில் வெளியே நீட்டி ஓட்டும்போது உள்ளே இழுக்கும் பகுதியின் சுவரில் முட்டும். அடுக்குப் படுக்கைகள் 28, 30, 34 அங்குல அகலங்களில் வருகின்றன. ஆகவே பெயரைப் பார்க்காமல் டேப்பைப் பிடியுங்கள். நீளத்தை இரண்டு இடத்தில், அகலத்தை மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து 1 முதல் 2 செ.மீ. கழித்து வாங்குங்கள். விரிப்பைச் செருகக் கை நுழைய வேண்டுமே. நீளத்தைப் பொறுத்தவரை, படுப்பவரின் உயரத்தோடு 15 செ.மீ. கூட இருந்தால் கால் நீட்டித் தூங்கலாம்.

உயரத்தையும் மறக்காதீர்கள். அடுக்குப் படுக்கையில் மெத்தையை 10 செ.மீ. தடிப்பாக்கினால் மேலே தலைக்கு உள்ள இடம் அதே 10 செ.மீ. குறையும். பெரியவர் நிமிர்ந்து உட்கார மெத்தைப் பரப்பிலிருந்து 90 செ.மீ. ஆவது வேண்டும். மேல் படுக்கையின் தடுப்புக் கம்பியும் மெத்தை உயர்ந்ததும் தாழ்ந்து போகும். குழந்தை படுக்கும் இடமென்றால் மெத்தையைத் தடிப்பாக்குவதைவிட மெல்லிய நல்ல ஃபோமே பாதுகாப்பு. சுவருக்குள் மடக்கும் கட்டிலுக்கும், ஸ்லைடு உள்ளே வரும்போது எதற்கோ அடியில் நுழையும் கட்டிலுக்கும் மடக்கிய நிலையில் எத்தனை செ.மீ. இடம் மிஞ்சுகிறது என்பதை அளந்த பிறகே மெத்தை பற்றி யோசியுங்கள்.

மெத்தைகள்

வண்டியோடு வரும் மெத்தை பெரும்பாலும் 10 முதல் 15 செ.மீ. சாதாரண ஃபோம். எடை குறைவு என்பது ஒன்றே அதன் சிறப்பு. அதன் தரத்தைக் கண்டுபிடிக்க ஒரு தராசும் டேப்பும் போதும். மெத்தையின் எடையை அதன் கன அளவால் வகுங்கள். எட்டுக் கிலோ எடை, கால் கன மீட்டர் அளவு என்றால் அடர்த்தி 32. கன மீட்டருக்கு 25 கிலோவுக்குக் கீழே இருந்தால் இடுப்பு விழும் இடம் சீக்கிரம் குழியும். 35 முதல் 40 வரை இருந்தால் பல வருடம் தாங்கும். ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. கடையில் கையால் அமுக்கிப் பார்த்துக் கெட்டியாக இருந்தால் நல்ல ஃபோம் என்று நினைப்பது தவறு. அடர்த்தி குறைந்த ஃபோமையும் கெட்டியாகச் செய்ய முடியும். புதிதில் கெட்டியாக இருந்துவிட்டுப் பிறகு சட்டென்று தொய்ந்துவிடும்.

ஹெச்.ஆர். ஃபோம் எனப்படும் மீள்திறன் கூடிய ஃபோம்தான் கேம்பருக்கு அடிப்படை மெத்தையாக எங்கள் முதல் தேர்வு. வெட்டலாம், குளிரில் இறுகாது, வெயிலில் உருகிய மாதிரி குழையாது, எடையும் நியாயம். 152 × 190 செ.மீ. அளவில் 10 செ.மீ. தடிமன், அடர்த்தி 40 என்றால் 12 கிலோவுக்குள் முடிந்துவிடும்.

லேடெக்ஸ் படுக்க மிகச் சுகம். புரண்டு படுத்தால் உடனே எழும்பி வரும், உடம்பைப் பிடித்து வைக்காது, சூட்டையும் அதிகம் தேக்காது. எடைதான் பிரச்சினை. கன மீட்டருக்கு 80 கிலோ அளவில் வரும் லேடெக்ஸை அதே நீள அகலத்தில் 15 செ.மீ. போட்டால் 35 கிலோ. தூக்கி அடியில் சாமான் எடுப்பதென்றால் இருவர் வேண்டும். முழு லேடெக்ஸ் வேண்டாம். 10 செ.மீ. ஹெச்.ஆர். ஃபோமின் மேல் 5 செ.மீ. லேடெக்ஸ் போட்டால் மொத்தம் 23 கிலோ, சுகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. பக்கவாட்டில் படுப்பவர்களுக்குத் தோளும் இடுப்பும் அமிழ இந்த 5 செ.மீ. அவசியம். மல்லாந்து படுப்பவர்கள் 3 செ.மீ.யோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மெமரி ஃபோமைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் டிரெய்லர்காரர்கள் அதிகம் வாங்குவதும் அதிகம் வருந்துவதும் இதற்காகத்தான். 1960களில் நாசாவுக்காக உருவான இந்த ஃபோம் உடல் சூட்டுக்கு இளகி உடல் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும். அதே குணம்தான் கேம்பரில் இடிக்கிறது. நாள் முழுக்க ஹீட்டர் இல்லாமல் நின்ற வண்டிக்குள் 8 டிகிரி குளிரில் படுத்தால், முதலில் பலகை மாதிரி இருக்கும். உடல் பட்ட இடம் மட்டும் மெல்ல இளகி, சுற்றிலும் கெட்டியாக நிற்க, நடுவில் நீங்கள் ஒரு தொட்டிக்குள் படுத்தாற்போல் ஆகிவிடும். புரள்வதே சிரமம். கோடையில் வெயிலில் நின்ற வண்டியில் அது நேர்மாறாகக் குழைந்து, உடம்போடு ஒட்டிச் சூட்டைத் தேக்கும். வீட்டில் அறை வெப்பம் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் இது தெரியாது. வண்டிக்குள் எப்போதும் ஏசியோ ஹீட்டரோ ஓட்டும் வசதி உள்ளவர்களுக்கு மெமரி ஃபோம் சரி. மற்றவர்களுக்கு மேல்மெத்தையாக 3 செ.மீ.க்கு மேல் வேண்டாம்.

மெமரி ஃபோம் மெத்தையை வெட்ட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில மெத்தைகளில் தீ பரவாமல் இருக்க உள்ளுறையில் கண்ணாடி இழை வைத்திருப்பார்கள். வெளியுறையின் ஜிப்பைத் திறந்தாலோ வெட்டினாலோ அந்த இழை பறந்து, வண்டி முழுக்கப் படிந்து, தோலை அரிக்கும். கேம்பர் மாதிரியான சின்ன இடத்தில் அதைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. உறையில் உள்ள சீட்டைப் படியுங்கள். உறையைக் கழற்றக் கூடாது என்று எழுதியிருந்தால் அந்த மெத்தையைத் தொடாதீர்கள்.

ஸ்பிரிங் மெத்தையில் காற்றோட்டம் நன்றாக இருக்கும், சூடு தேங்காது. ஆனால் மூலை வெட்ட முடியாது, மடக்க முடியாது, எடையும் கூடுதல். செவ்வகக் கட்டிலும் எடைக்கு இடமும் இருந்தால் மட்டும் பாருங்கள். பஞ்சு மெத்தை கேம்பருக்கு ஆகாது. ஈரத்தை உறிஞ்சிக் கட்டி தட்டிப்போகும், அடிக்கடி வெயில் காட்ட வேண்டும். வழியில் அதற்கு நேரமும் இடமும் கிடைப்பதில்லை.

காற்று நிரப்பும் மெத்தைகளைச் சாதாரணம், தானே நிரம்புவது என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாதாரணக் காற்று மெத்தைக்குள் வெறும் காற்றுதான். அது உள்ளே சுழன்று உடல் சூட்டை அடிப்பக்கத்துக்குக் கடத்திவிடும், முதுகு குளிரும். மாலையில் 30 டிகிரியில் நிரப்பிய மெத்தை இரவில் 10 டிகிரிக்கு வந்தால் உள்ளே இருக்கும் காற்று 6, 7 சதவீதம் சுருங்கும். எங்கோ ஓட்டை என்று தேடுவார்கள், ஓட்டையே இருக்காது. படுக்கும் முன் வண்டிக்குள் சூடு இறங்கிய பிறகு மறுபடி நிரப்பினால் சரியாகும். மலை ஏறும் பயணத்தில் இதற்கு நேர்மாறு. 2,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கீழே இறுக நிரப்பி விட்ட மெத்தை மேலே போனதும் உப்பி, உள் தடுப்புகள் பிய்ந்துவிடும். ஏறும் முன் காற்றைத் தளர்த்திவிடுங்கள்.

தானே நிரம்பும் வகையில் உள்ளே ஃபோம் இருப்பதால் இந்தச் சூட்டிழப்பு இல்லை. எக்ஸ்பெட் மெகாமேட் 10 என்ற 10 செ.மீ. பாய்க்கு வெப்பத்தடை எண் 8.1 என்று குறித்திருக்கிறார்கள். உறைபனிக் காலத்துக்கே தாங்கும் எண் அது. வேனில் பகலில் இடம் வேண்டும், இரவில் மட்டும் படுக்கை வேண்டும் என்பவர்களுக்கு இந்த வகை நல்ல வாங்கல். சுருட்டிய நிலையில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், உள்ளே ஃபோம் அமுங்கியபடியே நின்றுவிடும். வால்வைத் திறந்து விரித்தே வையுங்கள். மூடிய வால்வோடு வெயிலில் விட்டால் காற்று விரிந்து ஒட்டு விடும், நடுவில் பலூன் மாதிரி ஒரு கட்டி எழும்பும். அது வந்தால் சரிசெய்ய வழியில்லை.

மூலை வெட்டுவது

நடைபாதைக்காக மூலை வெட்டிய கட்டில்களுக்கு ஃபோமை நீங்களே வெட்டலாம். கட்டிலின் மேல் செய்தித்தாளை ஒட்டி மூலையின் வடிவத்தை அச்செடுங்கள். அதை ஃபோமின் மேல் வைத்து மார்க்கரால் கோடு போட்டு, அதே கோட்டை அடிப்பக்கத்திலும் போடுங்கள். ரம்பப் பல் உள்ள நீளமான ரொட்டிக் கத்தி போதும், மின்கத்தி இருந்தால் இன்னும் சுத்தம். அமுக்கி வெட்டக் கூடாது. அமுக்கினால் ஃபோம் நசுங்கி, விட்டதும் வெட்டுப்பக்கம் உள்வளைந்து நிற்கும். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து நீளமாக இழுங்கள். முதல் இழுப்பில் 5 செ.மீ. ஆழம், இரண்டாவதில் மீதி. மேல்கோட்டையும் அடிக்கோட்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு போனால் சாயாது. கோட்டுக்கு வெளியே அரை செ.மீ. விட்டே வெட்டுங்கள், உறைக்குள் போனால் அது சரியாக அமரும். உறைக்கு ஜிப்பை நீளவாக்கில் ஒரு பக்கமும் அகலவாக்கில் ஒரு பக்கமுமாக எல் வடிவில் வைத்துத் தைக்கச் சொன்னால் கழற்றி மாட்டச் சுலபம்.

மேசைப் படுக்கை

எதிரெதிர் இருக்கைகளுக்கு நடுவே மேசையை இறக்கிக் கட்டிலாக்கும் அமைப்பு அநேக வண்டிகளில் உண்டு, திட்டு வாங்குவதும் அதிகம். காரணம் சின்னது. உட்காரும் திண்டு 12 செ.மீ. தடிமன் என்றால் முதுகுத் திண்டு 8, 9 செ.மீ.தான், அதுவும் சில சமயம் ஆப்பு வடிவில் இருக்கும். படுக்கையாக்கும்போது அந்த மெல்லிய திண்டுகள்தான் நடுவில் வருகின்றன. மனிதரின் எடை அதிகம் விழும் இடுப்புக்கு மெத்தை குறைவான இடம் கிடைக்கிறது. மேசையையும் இருக்கையையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, எத்தனை செ.மீ. பள்ளமோ அத்தனை தடிமனில் கெட்டி ஃபோம் துண்டை நடுத்திண்டுகளுக்கு அடியில் போடுங்கள். இழுப்பறைக்குள் விரிக்கும் ரப்பர் வலையை அடியில் விரித்தால் திண்டுகள் இரவில் விலகாது. இதற்கு மேல் ஒரே துண்டாக 5 செ.மீ. மேல்மெத்தை போட்டால் இணைப்புகள் முதுகில் தெரியாது. 185 செ.மீ. நீளத்தைச் சுருட்டினால் 35 செ.மீ. விட்டமுள்ள உருளை ஆகும், அதை எங்கே வைப்பது என்பதையும் முன்பே யோசியுங்கள். இடமில்லாவிட்டால் மூன்று துண்டாகத் துணிக்கீலால் இணைத்து, பகலில் முதுகுத் திண்டாக நிறுத்திவிடலாம்.

எடை, கேஸ் தண்டு, மட்டம்

மெத்தையின் எடை வண்டியின் சுமை அளவுக்குள் வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டில் முன்பக்கம் இருக்கும் டிரெய்லரில் கூடும் எடையில் ஒரு பகுதி இழுக்கும் வண்டியின் கொக்கியில் விழும் என்பதையும் கணக்கில் எடுங்கள். இன்னொரு தொல்லை, கட்டிலைத் தூக்கி நிறுத்தும் கேஸ் தண்டுகள். அவை பழைய லேசான மெத்தைக்குக் கணக்கிட்டவை. புது மெத்தை 15 கிலோ கூடினால் பலகை நிற்காமல் இறங்கும், உள்ளே குனிந்து சாமான் எடுப்பவரின் தலையில் விழும். தண்டின் உடலில் நியூட்டன் அளவு அச்சிட்டிருக்கும். 100 நியூட்டன் என்பது ஏறத்தாழ 10 கிலோ தள்ளும் விசை. தண்டு கீலுக்குப் பக்கத்தில் பொருத்தப்பட்டிருப்பதால், கூடிய எடையைவிடப் பல மடங்கு விசை தேவைப்படும். ஒரேயடியாக இரட்டிப்பு விசைத் தண்டைப் போட்டால் மெத்தை இல்லாதபோது பலகை துள்ளி எழும், திருகுகள் பிடுங்கிக்கொள்ளும். நீளம் மாறாமல் ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். மாற்றும்போது பலகைக்கு ஒரு கட்டை முட்டுக் கொடுக்காமல் கை வைக்காதீர்கள்.

நிறுத்திய வண்டி சாய்ந்திருந்தால் எந்த மெத்தையும் உதவாது. மட்டக்கோலை வண்டியின் தரையில் வைக்காமல் கட்டில் பலகையிலேயே வையுங்கள். தலை தாழ்ந்தால் காலையில் தலை கனக்கும். மிச்சச் சாய்வு தவிர்க்க முடியாததானால் தலைப்பக்கம் 2, 3 செ.மீ. உயர்ந்திருக்கட்டும். வண்டியின் மூலைகளில் உள்ள தாங்கு ஜாக்குகளை இறக்கினால் ஒருவர் புரளும்போது வண்டியே ஆடுவது குறையும். அந்த ஜாக்குகள் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. வண்டியைத் தூக்கி மட்டம் செய்ய அவற்றைப் பயன்படுத்தினால் சட்டம் முறுகும்.

விரிப்பு, போர்வை, சூடு

நீளம் குறைந்த மெத்தைக்கு வீட்டு விரிப்பைப் போட்டால் மிஞ்சும் துணி கால்மாட்டில் மடிந்து உறுத்தும். 30 செ.மீ. ஆழமுள்ள உறைவிரிப்பு 15 செ.மீ. மெத்தையில் தங்காது. அடியில் குறுக்காகப் போடும் எலாஸ்டிக் பட்டிகள் நாலு வாங்கினால் அந்தப் பிரச்சினை தீரும். மெத்தைப் பாதுகாப்பு உறை வாங்கும்போது பிவிசி வேண்டாம். ஆவி விடும் பாலியூரித்தேன் படலம் ஒட்டிய துணி வாங்குங்கள். மூன்று பக்கம் சுவர் உள்ள கட்டிலில் ஒருவரைத் தாண்டித்தான் இன்னொருவர் இறங்க வேண்டும் என்பதால், ஆளுக்கொரு போர்வை வைத்துக்கொள்வது இருவர் தூக்கத்தையும் காப்பாற்றும்.

12 வோல்ட் சூட்டுப்பாய் குளிர்காலத்தில் நல்ல துணை. அது 60 வாட் இழுக்கும் என்றால் 5 ஆம்பியர். எட்டு மணி நேரம் விடாமல் ஓடினால் 40 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து போய்விடும். படுக்கும் முன் அரை மணி நேரம் ஓட்டிப் படுக்கையைச் சூடாக்கிவிட்டு அணைத்தால் போதும், நல்ல போர்வை அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கும். மடித்த நிலையிலோ காற்று மெத்தையின் மேலோ அதை ஓட்டக் கூடாது. கேஸ் அடுப்பையோ புகைபோக்கி இல்லாத ஹீட்டரையோ எரியவிட்டுத் தூங்கவே கூடாது. அவை ஈரத்தையும் கூட்டும், கார்பன் மோனாக்சைடையும் சேர்க்கும். அதற்கான அலாரம் படுக்கும் இடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். சமையல் கேஸ் கசிவுக்கான அலாரம் தரைக்கு அருகில் இருக்க வேண்டும், அந்த வாயு காற்றைவிடக் கனமானது. குளிர் எத்தனை இருந்தாலும் கூரைக் காற்றுவழியை இரண்டு விரல் அளவும் எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சமும் திறந்துவையுங்கள்.

பயணம் முடிந்து வண்டியை நிறுத்திவைக்கும்போது விரிப்பு, போர்வை, தலையணை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, மெத்தையைச் சுவரோரம் செங்குத்தாக நிறுத்துங்கள். முடியாவிட்டால் இரண்டு இடத்தில் அட்டைப்பெட்டி வைத்துத் தூக்கிவிடுங்கள். பலகையில் பூஞ்சை இருந்தால் சோப்புத் தண்ணீரால் துடைத்து, முழுக்கக் காயவைத்துப் பிறகு வார்னிஷ் அடிக்கலாம். ஃபோமுக்குள் ஊறிப்போன பூஞ்சையை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது, மேல்பரப்பு வெளுக்கும், உள்ளே அப்படியே இருக்கும். அந்த மெத்தையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.